வாளிச் சின்னத்தில் நின்றவள்

ஊரில் முக்கால்வாசிப் பேரின் அழுக்கு அவளுக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இறங்கும் தாழ்ந்த தெருவில், ஒரு தையற்கடைக்கும் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்குக்கும் நடுவே அவளுடைய சலவைக்கடை இருந்தது. உள்ளே இரண்டு பெரிய இயந்திரங்கள், ஆவி சீறும் இஸ்திரி மேசை, தலைக்கு மேலே கம்பிகளில் வரிசையாகத் தொங்கும் பிறத்தியார் சட்டைகள். துணியை மேசையில் போட்டதும் அவள் கண் நேராகக் கறைக்குப் போகும். "இது எப்படி ஆச்சு?" என்று கேட்பாள். "டீ கொட்டிடுச்சு" என்று வாடிக்கையாளர் சொன்னால், துணியை மூக்கருகே கொண்டுபோய், "டீ இந்த வாசனை அடிக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். வேலை சுத்தமென்று வந்தார்கள். வாய்க்குப் பயந்து துணியைப் போட்டதும் ஓடினார்கள். 'கறார் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்று விட்டுவிட்டாள்.

அவள் மட்டமாக நினைத்த மனிதர்கள் நிறைய. காலரில் அழுக்கும் கைக்கடிகாரத்தில் பளபளப்புமாக வருகிறவர்கள், திரைச்சீலையை வருஷக்கணக்கில் துவைக்காமல் வீட்டுக்குப் பெயிண்ட் மட்டும் அடிக்கிறவர்கள், 'அவசரம்' என்று கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் எடுக்க வராதவர்கள். ஆனால் எல்லோருக்கும் மேலே, தனியாக ஒரு உயரத்தில், அவள் நகராட்சித் தலைவரை வைத்திருந்தாள்.

அவரை ஊர் 'அண்ணன்' என்றது. அவருக்கு அப்பா வயதுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இவள் வீட்டுக்குள் அவரைத் 'தலையணை' என்பாள். காரணம் இருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டைகள் வாரம் தவறாமல் இவள் கடைக்குத்தான் வந்தன. அவற்றில் கறை இருக்கிற இடம் ஒன்றுதான்: இடது தோள். தலை எண்ணெய், கண்மை, மூக்குச்சளி. யார் வீட்டில் சாவென்றாலும் அவர் போய் நிற்பார். அழுகிறவர்களை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொள்வார். பேன்ட் ஓரத்தில் சேறு பார்த்ததாக அவளுக்கு நினைவே இல்லை. "இந்த ஊர்ல நடக்காத ரோடே இல்லேங்கிறார். பறந்துதான் போயிருப்பார்போல" என்பாள் வீட்டுக்காரரிடம்.

வீட்டுக்காரர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுக்க "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே குரலைத் தீர்த்துவிட்டு, வீட்டில் பேசாமல் இருப்பதில் சுகம் கண்டவர். அண்ணன் என்றால் அவருக்கு உயிர். "நல்ல மனுஷன்டி" என்பார், அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் கேட்டால் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

தெருவின் கீழ்க்கோடியில் மணிக்கூண்டு கட்டியதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது. அங்கே பழைய சாக்கடை ஒன்று, ஆள் இறங்கி நிற்கிற அகலத்தில், ஊரின் மேற்குப் பக்கத்துத் தண்ணீரையெல்லாம் வாங்கி ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தது. கூண்டுக்கு அஸ்திவாரம் வேண்டுமென்று அதை மூடி, பக்கத்தில் தொடைப் பருமனில் ஒரு குழாயைப் புதைத்தார்கள். பட்டப்பகலில், ஊரே பார்க்கத்தான் நடந்தது. யாரும் குழாயைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள். அண்ணன் பொத்தானை அமுக்கியதும் அது மணியடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு மழை பெய்யும்போதெல்லாம் அந்தத் தெருவில் சாக்கடை மேலேறியது. மக்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டு மணி பார்த்தார்கள்.

ஒரு காலை, விடிவதற்கு முன் தொடங்கிய மழை நிற்காமல் கொட்டியதில், கறுத்த தண்ணீர் கடைக்குள் முழங்கால் உயரம் வந்தது. இயந்திரங்கள் இரண்டும் மூழ்கின. ஆஸ்பத்திரிப் போர்வைகள், யாரோ ஒரு மணப்பெண்ணின் உடுப்பு, பள்ளிச் சீருடைகள், எல்லாம் மிதந்தன. அவள் இடுப்பில் துணியை வரிந்து கட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசைமேல் எறிந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. தலைவர். பின்னால் நகராட்சிப் புகைப்படக்காரர். தண்ணீர் தொடாத மேல்படியில் நின்றபடி தலைவர் இரண்டு கைகளையும் விரித்தார். இடது தோள் தயாராக இருந்தது.

"அக்கா, என்ன அக்கா இது கொடுமை" என்றார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நடித்திருந்தால் மன்னித்திருப்பாள்.

அவள் தோளில் சாயவில்லை. நாறிப்போன ஒரு கம்பளியின் முனையை எடுத்து அந்த விரித்த கையில் திணித்தாள். "பிடிங்க. பிழியணும். ஒத்த ஆளா முடியல."

சட்டென்று அவருக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு படி இறங்கிப் பிடித்தார். அவள் ஒரு பக்கம் முறுக்க, அவர் மறுபக்கம் முறுக்க, கறுப்புத் தண்ணீர் அவர் சட்டையில் வழிந்தது. அவளுக்கு ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்தது. அப்போதுதான் புகைப்படக்காரரின் பெட்டி 'க்ளிக்' என்றது.

தேர்தல் அறிவித்ததும் அந்தப் படம் ஊர் முழுக்க ஏறிவிட்டது. சுவர், மின்கம்பம், பேருந்தின் முதுகு. சாக்கடைத் தண்ணீரில் நின்று கம்பளி பிழியும் அண்ணன். கீழே, 'உங்கள் கண்ணீரைப் பிழிந்தெடுக்கும் கைகள்'. அவளை வெட்டிவிட்டிருந்தார்கள். ஓரத்தில் கம்பளியைப் பிடித்த ஒரு கை மட்டும் மிச்சம், முழங்கை வரை.

தன் கடைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தன் கையை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு இஸ்திரியை அணைத்துவிட்டு, ஷட்டரை இறக்கி, நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். எங்கே போகிறாள் என்று பக்கத்துத் தையல்காரர் கேட்டார்.

"தேர்தல்ல நிக்கப் போறேன்."

"யாரை எதிர்த்து?"

"மணிக்கூண்டை எதிர்த்து."

தையல்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அவர் எல்லாக் காரியத்துக்கும் ஆரம்பத்தில் வந்து நிற்பவர். "நான் முன்மொழியறேன் அக்கா. இந்தத் தெருவே உங்க பின்னால. எவ்வளவு நாள்தான் பொறுக்கறது?" என்று அளவு நாடா கழுத்தில் தொங்கக் கூடவே வந்து கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் தலைவரின் ஆட்கள் இருவர் வந்து அவரிடம் கட்சிக்காரர்களுக்குச் சட்டை தைக்க முடியுமா என்று விசாரித்தார்கள். மறுநாளிலிருந்து அவர் ஊசியில் நூல் கோக்கும்போது தலை நிமிரவே இல்லை.

சின்னங்களில் நல்லவை எல்லாம் கட்சிகளுக்குப் போய்விட்டன. மீதி இருந்தவை சீப்பு, விசில், வாளி. வாளியை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய தம்பி மின்கம்பங்களுக்கு வர்ணம் அடிக்கும் ஒப்பந்தக்காரன். சாப்பாட்டு நேரத்தில் வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான், சாப்பிடவில்லை.

"அக்கா, என் பொழப்புல மண்ணைப் போடாத."

"நான் எங்கடா போட்டேன்? சாக்கடையில அவங்க போட்டிருக்காங்க."

"அண்ணன் ஒண்ணும் சொல்லல. கூப்பிட்டு, 'அக்கா தைரியசாலிடா'ன்னுதான் சொன்னார்."

"அப்புறம் எதுக்கு உனக்கு வேர்க்குது?"

அண்ணன் யாரையும் மிரட்டியதில்லை. மிரட்ட வேண்டிய தேவையே வராத அளவுக்கு எல்லோரும் தாங்களாகவே வேர்த்துக்கொண்டார்கள். அவள் தம்பியின் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். "சாப்பிடு. கம்பத்துக்கு அடிக்கிற வர்ணத்துல தண்ணி கலக்காம இருந்தா உனக்கு யார் பயமும் வேண்டாம்" என்றாள். அவன் பாதியில் எழுந்து போனான்.

வாக்குக் கேட்பது என்பது அவளுக்கு வரவில்லை. கும்பிட்டுச் சிரிக்க வேண்டிய இடத்தில் விசாரணை நடத்தினாள். அடுக்குமாடி வீடுகளில் ஒரு பெண் கதவைத் திறந்து, "எங்க பக்கம் கூட தண்ணி தேங்குது" என்று ஆரம்பித்தாள்.

"தேங்கும். போன மாசம் உங்க பழைய மெத்தையை வாய்க்கால்ல போட்டது யாரு?"

"அது... நாங்க மட்டும் போடலியே."

"அதான் உங்க வீட்டுல மட்டும் தேங்கலியே" என்றாள் இவள். கதவு சாத்தப்பட்டது.

வங்கிக்காரரிடம், "உங்க சட்டைக்கு நான் எத்தனை தடவை மை எடுத்திருக்கேன், ஒரு தடவையாவது பேனா மூடியைப் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் வாக்கும் கேட்டாள். பேருந்து நிலையத்தில் மரப்பெட்டி மேல் ஏறி நின்று, "இந்த ஊர்ல ஒருத்தர் தோள் கொடுத்தா போதும், முதுகெலும்பு இருக்கிறதையே எல்லாரும் மறந்துடறீங்க" என்றாள். ஜனங்கள் சிரித்தார்கள். நன்றாகப் பேசுகிறாள் என்றார்கள். பேச்சு முடிந்ததும் அண்ணன் கூட்டத்துக்குப் போனார்கள். கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் பேருந்து வரும்வரை பொழுது போக நிற்கிறவர்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இவர்களுக்காகவா நான் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறேன் என்ற எரிச்சலோடு வீடு திரும்பிக் காலைக் கழுவினாள்.

ஒரே ஒரு வீட்டில்தான் அவளுக்கு வாய் அடைத்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு. தனியாக இருந்தார். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார், குழாய், சாக்கடை, மணிக்கூண்டு.

"நீ சொல்றது சரிம்மா. எல்லாமே சரி" என்றார். "ஆனா உனக்குப் போட மாட்டேன்."

"ஏன்?"

"என் சம்சாரம் போனப்போ அவர் வந்தார்."

"வந்து என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யல. பக்கத்துல உக்காந்திருந்தார். என் பையன் வெளியூர்ல இருந்து வர்ற வரைக்கும் உக்காந்திருந்தார்."

நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. அவள் சொல்லவில்லை. அந்த அம்மாவின் சால்வைகளை அவளும் துவைத்திருக்கிறாள். சாவுக்கு அவள் போகவில்லை; அன்றைக்குக் கடையில் வேலை அதிகம். படியிறங்கும்போது தன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவள் தலைவர் கணக்கில்தான் எழுதினாள். போகிற இடமெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்தே இந்த மனுஷன் ஊரை வாங்கிவிட்டான், நிற்கிறவர்களுக்கு இங்கே என்ன மதிப்பு.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நூலக மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களையும் மேடையேற்றினார்கள். நாற்காலிகள் போதாமல் ஜன்னலிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முதலில் பேசினாள். இம்முறை யாரையும் திட்டவில்லை. எந்த வருஷம் எந்தச் சாக்கடை மூடப்பட்டது, அகலமான வழியில் வரும் தண்ணீர் குறுகலான குழாயில் முட்டினால் எந்தப் பக்கம் திரும்பும், யார் வீட்டுக்குள் வரும் என்று, சட்டையை மடிப்பதுபோல வரிசையாக மடித்து வைத்தாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது. முதல் முறையாக, ஜெயித்துவிடுவோமோ என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

தலைவர் எழுந்தார். குறிப்பு எதுவும் கையில் இல்லை.

"அக்கா சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பு கிடையாது" என்றார். "எனக்குக் குழாயைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இன்ஜினியர் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது. நான் முட்டாள்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா ஜெயிச்சாலும் சரி, நான் ஜெயிச்சாலும் சரி, அந்தக் குழாயைத் தோண்டிப் போட்டுட்டுத்தான் மறுவேலை. இப்படி ஒரு அக்கா இந்த ஊருக்குக் கிடைச்சதுக்கு எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க."

தட்டினார்கள். கூரை இடிந்து விழுவதுபோலத் தட்டினார்கள். முன்வரிசையில் தையல்காரர் எழுந்து நின்றே தட்டினார். யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வருஷக்கணக்கில் ஊரைச் சாக்கடையில் நிறுத்தியவன் 'நான் முட்டாள்' என்று சொன்ன மாத்திரத்தில் மகானாகிவிட்டான். அவள் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை வாங்கித் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டான். மேடையிலேயே அவர் கையை நீட்டினார். அவள் தண்ணீர் குவளையைக் கையில் எடுத்து, குடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். 'ஆணவம்' என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தோல்வி பெரிய தோல்விதான். அவளுடைய சொந்தத் தெருவிலேயே பாதிப் பேர்கூடப் போடவில்லை. டெபாசிட் மட்டும் எப்படியோ தப்பியது. எண்ணும் இடத்திலிருந்து நேரே கடைக்கு வந்து, தேங்கியிருந்த ஆஸ்பத்திரித் துணியை, பழுது பார்த்து வைத்திருந்த இயந்திரத்தில் போட்டாள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"நான் உனக்குத்தான் போட்டேன்."

அவள் திரும்பினாள். மனம் கொஞ்சம் இளகியது. "தெரியும்" என்றாள்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போட்டேன். மனசு கேக்கல."

"என்னது?"

"'தப்பா நினைக்காதீங்க, வீட்டுல நிக்கிறா, போடாம இருக்க முடியாது'ன்னு சொன்னேன். அவர், 'கண்டிப்பா போடுங்க, ஒரு ஓட்டுல நான் என்ன குறைஞ்சிடப் போறேன்'னு முதுகுல தட்டிக் கொடுத்தார்." வீட்டுக்காரர் நெகிழ்ந்து போய்ச் சொன்னார். "நல்ல மனுஷன்டி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இயந்திரத்தின் மூடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தன் மனைவிக்கு வாக்குப் போட எதிராளியிடம் அனுமதி வாங்கிய ஆண்பிள்ளை உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். என்ன தப்பென்று தெரியாமல் அவரும் கூடவே சிரித்தார்.

தலைவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கோடை முடிவதற்குள் மணிக்கூண்டைச் சுற்றித் தோண்டினார்கள். பழைய அகலத்துக்குக் கான்கிரீட் வழி போட்டார்கள். திறப்பு விழா ஒன்றும் வைத்தார்கள், சாக்கடைக்கு. கத்திரிக்கோலைத் தட்டில் ஏந்தி, "அக்கா வந்து ரிப்பன் வெட்டட்டும்" என்று ஆள் அனுப்பினார். "வெட்டறதுக்கு எனக்கு நேரமில்ல, துவைக்கத் துணி இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள். அதை அவர் மேடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அக்கா கோபக்காரி, ஆனால் தங்கம் என்றார்.

அடுத்த பெரிய மழையில் தெருவில் ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. சாக்கடைக்குள் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும் சத்தம் கடைக்குள்ளிருந்தே கேட்டது. அவள் வாசலுக்கு வந்து படியில் நின்று அதைக் கேட்டாள். நல்ல சத்தம். அதைக் கேட்கும்போது அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. அந்தச் சத்தம் யார் பெயரில் ஓடினால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பக்கத்துக் கடையிலிருந்து தையல்காரர் தலையை நீட்டினார். பல நாளைக்குப் பிறகு நிமிர்ந்திருந்தது அந்தத் தலை.

"பாத்தீங்களா அக்கா? அண்ணன் சொன்னா சொன்னதுதான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க தையல்ல மட்டும்தான் அய்யா நூல் நேரா போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது பாராட்டா ஏச்சா என்று தெரியாமல் அவர் அன்று முழுக்க யோசித்தார்.

அதன்பின் நகராட்சிக் கூட்டம் நடக்கும் நாளெல்லாம் பொதுமக்களுக்கான பெஞ்சில் அவள் போய் உட்கார ஆரம்பித்தாள். அந்த பெஞ்ச் அதுவரை காலியாகவே கிடந்தது. உறுப்பினர்கள் குடையும் பையும் வைக்கிற இடம். முதல் நாள் அவள் குடைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். தோற்றுப்போனவளுக்கு இங்கே என்ன வேலை என்று ஒரு உறுப்பினர் சத்தமாகவே கேட்டார். "இருக்கட்டும்ப்பா, நம்ம அக்காதானே" என்றார் தலைவர். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் பேருந்து நிழற்குடைக்கு எங்கே தூண் நடுவது என்று இன்ஜினியர் வரைபடத்தை நீட்டியபோது, பேனாவைத் திறந்த தலைவர் பெஞ்ச் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூடினார். "முதல்ல விளக்கிச் சொல்லுங்க, அடியில என்ன போகுது?" என்றார். இன்ஜினியருக்கு வியர்த்தது.

கொஞ்ச நாளில் கடைக்குத் துணியில்லாமலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்குக் குடிதண்ணீர் வந்து வாரமாகிறது, குழந்தையைக் குளிப்பாட்டக்கூட இல்லை என்றாள். இவள் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அழுகை முடியட்டும் என்று ஒரு சட்டையின் கைப்பட்டியைத் தேய்த்து முடித்தாள். பிறகு இஸ்திரியை நிறுத்திவைத்து, ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"வால்வு எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெருக்கோடியில, அக்கா."

"யாருக்குப் போட்ட?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "அண்ணனுக்குத்தான்."

"தெரியும். நட."